மைக்கின் மேல் யார் போட்ட கோடு?

"உங்க குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே" என்றேன்.

பெண்களிடம் சொல்லி அடி வாங்குவதற்கென்றே உண்டான பழைய வசனம். ஆனால் நான் சொன்னது சத்தியம். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணும் கோபித்துக்கொள்ளவில்லை. அலுத்துப்போன முகத்தோடு பதில் சொன்னாள்.

"கரண்ட் ஆபீசுக்கு போன் பண்ணா, 'தயவுசெய்து காத்திருக்கவும்'னு ஒரு குரல் வரும் இல்ல? அது நாந்தான்."

"அடடே. உங்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேங்க."

"எல்லாரும் திட்டுவாங்க. பழகிடுச்சு."

"அவசரம், வாயை மூடு" என்றார் வக்கீலம்மா.

அவசரம் என்பது நான்தான். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்தார்கள். இவரிடம் உதவியாளனாகச் சேர்ந்ததும் அது காணாமல் போயிற்று. வக்கீலம்மா கறுப்பு அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். வழக்குமன்றத்தில் பொய்யைக் கேட்டு அலுத்து இங்கே வந்தார். இங்கே உண்மையைக் கேட்டு அதைவிட அலுத்துப் போயிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு முழங்கால் வலி வேறு. மேஜைக்கு அடியில் ஒரு காலை என் நாற்காலியின் மேல் நீட்டியிருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தாள். கணினித் திரையைப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்திருந்தாள். வரிசையாகச் சில பெயர்கள். ஒரு பெயரின் பக்கத்தில் மட்டும் பட்டாணி அளவில் ஓர் அடையாளம், அதன் குறுக்கே ஒரு கோடு.

"நாங்க ஒரு குரல் நாடகக் குழு மேடம். ஆளுக்கொரு மூலையில இருக்கோம். அதனால ஒத்திகை எல்லாம் கம்ப்யூட்டர்லதான். எல்லாரும் ஒரே ஆடியோ ரூமுக்குள்ள வந்துடுவோம். யார் யார் உள்ள இருக்காங்கன்னு இப்படிப் பேர் தெரியும். இது எங்கப்பா பேரு. பக்கத்துல கோடு போட்டிருக்கு பாருங்க. மைக்கை மூடிட்டாங்கன்னு அர்த்தம்."

"யாரு மூடினாங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன். ஆனா யாருன்னு எனக்குத் தெரியும். எங்க இயக்குநர். நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். நீங்க ஆதாரம் மட்டும் எடுத்துக் கொடுங்க."

தீர்ப்பை எழுதிவிட்டு விசாரணைக்கு வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டு, "முதல்லேருந்து சொல்லும்மா" என்றார்.

அவளுடைய அப்பா ரேடியோ நாடகக் காலத்து ஆள். குழுவில் எல்லோருக்கும் அவர் 'ஐயா'. இப்போது தயாராகும் நாடகத்தில் பக்கவாதம் வந்த ஒரு நீதிபதியின் வேஷம் அவருக்குக் கிடைத்தது. அப்புறம் மூச்சு பத்தவில்லை என்று சொல்லி, இயக்குநர் அதைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தார். ஐயாவுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. ஆனாலும் ஐயா ஒத்திகைக்கு வருவதை நிறுத்தவில்லை. வேஷமில்லாமல் சும்மா உட்கார்ந்து கேட்பார்.

"அன்னிக்கு அம்மா கண்ணுக்கு மருந்து வாங்கப் போயிருந்தாங்க. அப்பா கம்ப்யூட்டர் முன்னாடி. ஒத்திகை நடக்கும்போதே அவருக்கு நெஜமாவே பக்கவாதம் வந்திருக்கு. அம்மா வந்து பார்த்தா நாற்காலிக்குக் கீழ கெடக்கறாரு. வலது பக்கம் வரலை, பேச்சு போயிடுச்சு. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். காத்திருக்கச் சொல்லும் குரலில் இத்தனை நடுக்கம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"அந்த நேரம் பூரா நான் அதே ரூம்ல இருந்தேன் மேடம். காதுல ஹெட்போன். கடைசி ஒத்திகைன்னு ஞாபகத்துக்கு இந்தப் படத்தை எடுத்ததே அப்பத்தான். அப்பா கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். கேக்கலை."

"அவரே மைக்கை மூடி வெச்சிருக்கலாம் இல்ல?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வேஷம் போனதுலேருந்து அப்பா பேர்ல இந்தக் கோடு இருந்துட்டேதான் இருக்கு. முன்னாடியெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை குறுக்க பேசுவாரு. அப்புறம் ஒரு சத்தமில்ல. சரி, மனுஷன் அடங்கிட்டாருன்னு விட்டுட்டேன். இப்ப அம்மா சொல்றாங்க, அப்பாவுக்கு மைக்கை மூடவே தெரியாதாம். கம்ப்யூட்டரைப் போட்டு உள்ள விடறதே அம்மாதானாம். அப்ப மூடினது யாரு? அடுத்தவங்க மைக்கை மூடற அதிகாரம் இயக்குநருக்கு மட்டும்தான் இருக்கு."

கணக்கு சரியாகத்தான் வந்தது. எனக்கு இயக்குநரின் முகம் தெரியாவிட்டாலும் அதில் ஒரு குத்து விடலாம் போலிருந்தது. வக்கீலம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"அன்னிக்கு வேற ஏதாவது வித்தியாசமா நடந்துதா?"

"ஒண்ணுமில்ல. நான் வசனம் பேசிட்டிருக்கும்போது நடுவுல இயக்குநர் யார்கிட்டயோ போன்ல 'ரொம்ப நல்லாருக்குங்கய்யா'ன்னு வழிஞ்சாரு. ரெண்டு பேர் சிரிச்சாங்க. எங்கப்பா அங்க விழுந்து கெடக்கறாரு, இவங்களுக்கு சிரிப்பு."

வக்கீலம்மா இப்போது கண்ணைத் திறந்தார். நாற்காலியிலிருந்து காலை எடுத்தார். நான் உட்காரலாம் என்று நினைத்தேன். கிளம்பலாம் என்று அர்த்தமாம்.

இயக்குநரின் ஒலிப்பதிவுக் கூடம் என்பது ஒரு மாடியறை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, கதவுக்கு ஒரு பழைய மெத்தையை ஆணியடித்து மாட்டியிருந்தார். கதவுக்கு வெளியே ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. "போனை இதுல போட்டுட்டு வாங்க. உள்ள யாருக்கும் போன் கெடையாது, எனக்கும் சேர்த்து" என்றார். மெலிந்த மனிதர். சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

வக்கீலம்மா வந்த விஷயத்தைச் சொன்னார். அவர் முழுக்கக் கேட்கக்கூட இல்லை.

"ஆமாங்க. நாந்தான் மூடினேன். எழுதிக்குங்க."

நான் வக்கீலம்மாவைப் பார்த்தேன். வழக்கமாக நாங்கள் நாலு மாடி ஏறி, நாற்பது பொய் கேட்டு, கடைசியில்தான் இந்த வார்த்தை வரும். இவர் வாசலிலேயே தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறார்.

"ஏன் மூடினீங்க?"

"தொல்லை தாங்கலை. வேஷத்தை மாத்திக் கொடுத்தப்புறமும் அந்த நீதிபதி வசனத்தை ஐயா பேசிக் காட்டிட்டே இருப்பாரு, 'இப்படிச் சொல்லணும்டா'ன்னு. ஒத்திகையில அவர் வாயைத் திறக்காத நாளே கெடையாது."

"வேஷம் போனதுக்கு அப்புறமும்?"

"அப்புறம்தான் அதிகம்."

சொன்ன பிறகு இயக்குநர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வக்கீலம்மா அதைக் கவனிக்காதவர் போல, எதிரே இருந்த கணினியைக் காட்டினார். ஒலி அறை அதில் திறந்தே இருந்தது. ஐயாவின் பெயரும் உள்ளே இருந்தது. அவர் வீட்டுக் கணினியை அன்றிலிருந்து யாரும் அணைக்கவில்லை. பெயர் பக்கத்தில் கோடு எதுவும் இல்லை.

"கோட்டைக் காணோமே?"

"அப்புறமா எடுத்துட்டேன்."

"ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

அவர் தயங்கித் தயங்கிப் பெயரைத் தொட்டு ஒரு வரியை அழுத்தினார். ஐயாவின் பெயர் பக்கத்தில் சின்ன மைக் ஒன்று, குறுக்கே கோட்டோடு வந்து நின்றது.

துப்பறிகிறவர் கையில் பூதக்கண்ணாடி இருப்பது போல நாவல் அட்டையில் படம் போடுவார்கள். வக்கீலம்மா அதை எடுத்து நான் பார்த்ததெல்லாம் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி படிக்கத்தான். அன்றைக்கு முதல் முறையாக உருப்படியாக எடுத்தார். அச்செடுத்த காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தார். திரையைப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

காகிதத்தில் இருந்தது மைக்கே இல்லை. ஸ்பீக்கர். பட்டாணி அளவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பெரிதாக்கினால் வேறு வேறு.

"இது நீங்க போட்ட கோடு இல்ல சார்" என்றார் வக்கீலம்மா. "சரி, அன்னிக்கு 'ரொம்ப நல்லாருக்குங்கய்யா'ன்னு யார்கிட்ட சொன்னீங்க?"

"அது... போன்ல."

"வெளிய பிஸ்கட் டப்பாவுல இருந்த போன்லயா?" என்று நான் கேட்டேன்.

அவர் ஐயா பெயரிலிருந்த கோட்டை எடுத்துவிட்டு, "அம்மா, நீங்க கேட்டதுக்கு நான் ஒத்துக்கிட்டேன். அதுக்கு மேல தோண்டாதீங்க" என்று மட்டும் சொன்னார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

கீழே இறங்கும்போது வக்கீலம்மா ஒவ்வொரு படியிலும் நின்றார். முழங்கால்தான் காரணம் என்று நினைத்தேன்.

"பண்ணலைன்னு பொய் சொல்றவங்களைத்தான் நாம பார்த்திருக்கோம்" என்றேன். "பண்ணேன்னு பொய் சொல்றவரு நமக்குப் புதுசு. யாரைக் காப்பாத்தறாரு? அந்த நீதிபதி வேஷக்காரனையா?"

வக்கீலம்மா அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார்.

"இந்தக் கேஸை இதோட விட்டுடலாமாம்மா? அப்பாவைப் பார்த்துக்கறதுதானே இப்ப முக்கியம்?"

பதில் எனக்கே கேட்டது. விடமாட்டாளாம். இயக்குநர் விலை பேசிவிட்டாரா என்றும் கேட்டாள். வக்கீலம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "சரி, உன் வீட்டுக்கு வர்றேன். கம்ப்யூட்டரைப் போட்டு வை" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ அவங்கப்பா வீட்டுக்குப் போ. அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஏதாவது பேசு."

"என்ன பேசறது?"

"பேச்சுக்கு உனக்கென்ன பஞ்சமா?"

"உங்களுக்கு யாருன்னு தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"கண்டுபிடிக்கறதுதான்டா நம்ம தொழில். சொல்றதுக்கு யாராவது தனியா ஒரு ஆள் வெச்சா புண்ணியமாப் போகும்" என்றார். அத்தனை களைப்பாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஐயாவின் வீட்டில் கதவைத் திறந்தது அந்தப் பெண்ணின் அம்மா. கண்ணில் சொட்டு மருந்து போட்டு ஒற்றைக் கண்ணை மூடியிருந்தார். கணினி இருந்த அறையிலேயே கட்டிலும் இருந்தது. ஐயா அதில் சாய்ந்து படுத்திருந்தார். முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்து போயிருந்தாலும் கண்கள் என்னை உச்சி முதல் பாதம் வரை அளந்தன. நான் வணக்கம் சொன்னேன். இடது கை லேசாக உயர்ந்தது.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் இங்கதான் படுப்பேன்னு கையைக் காட்டினாரு தம்பி" என்றார் அம்மா. "அந்த மிஷினைத் தொடவே எனக்குப் பயமா இருக்கு. அப்படியே விட்டுட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். திரையில் ஐயாவின் பெயர், இயக்குநரின் பெயர், சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் பெயரும் வந்தது. யார் பக்கத்திலும் ஒரு கோடும் இல்லை. அவள் வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தமும் வக்கீலம்மா முனகிக்கொண்டே உட்காருவதும் எனக்கு நன்றாகக் கேட்டன.

"வணக்கம்" என்றேன் மைக்கில். "தயவுசெய்து காத்திருக்கவும். எங்கள் வக்கீலம்மா இப்போது முழங்காலோடு பேசிக்கொண்டிருக்கிறார்."

அலுப்பும் சிரிப்புமாக இயக்குநரின் குரல் வந்தது. "குரல் பரவாயில்லையே தம்பி. ஒரு சின்ன வேஷம் தரலாம்."

அப்புறம் அந்தப் பெண்ணின் குரல்.

"சார், யார்கிட்ட பேசறீங்க?"

எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தேன்.

"நாந்தாங்க பேசறேன். கேக்கலையா?"

"சார்? லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் மறுபடி இயக்குநரைத்தான் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கும் இயக்குநர் போனில் பேசவில்லை. இந்த நாற்காலியில் இருந்தவருக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். இங்கிருந்து போன குரல் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, ஒருத்தியைத் தவிர.

வக்கீலம்மாவின் குரல் மெதுவாக வந்தது.

"உங்கப்பா கம்ப்யூட்டர்லேருந்து என் ஆளு பேசிட்டிருக்கான்மா. இயக்குநருக்குக் கேக்குது. உனக்குக் கேக்கலை. இப்பவும் உன் ஸ்க்ரீன்ல அப்பா பேர் பக்கத்துல கோடு இருக்கு. நான் பார்த்தப்போ இயக்குநர் ஸ்க்ரீன்ல இல்ல. சார், இப்ப இருக்கா?"

"இல்லைங்க" என்றார் இயக்குநர்.

"ஒரே பேருதான். ஒரு ஸ்க்ரீன்ல கோடு, இன்னொரு ஸ்க்ரீன்ல இல்ல. அப்ப அது உங்கப்பா மைக் மேல போட்ட கோடு இல்லம்மா. அவரே மூடியிருந்தாலும், இவர் மூடியிருந்தாலும் மைக் படத்து மேல கோடு விழும், எல்லாருக்கும் தெரியும். இது ஸ்பீக்கர். இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் அவர் குரல் கேக்க வேணாம்னு இங்க உக்காந்திருக்கறவங்க சொன்னாத்தான் இது வரும். வேற யாருக்கும் தெரியாது."

அவள் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

"ஒரு நாள்..." என்று அவள் தொடங்கினாள். "நான் பேச வாயெடுத்தாலே அப்பா திருத்திட்டே இருந்தாரு. எல்லார் முன்னாடியும். அவர் பேரைத் தொட்டு ஏதோ ஒண்ணை அமுக்கினேன். அன்னிக்கு மட்டும்தான்னு நெனச்சேன் மேடம். மறுநாள் தானா போயிடும்னு நெனச்சேன். மறுநாளும் கோடு இருந்துச்சு. அப்பாவே மூடிட்டாருன்னு..."

"தானா போகாதும்மா. போட்டவங்கதான் எடுக்கணும்."

"அன்னிக்கு அப்பா கூப்பிட்டாரா?"

அந்தக் கேள்வி வக்கீலம்மாவிடம் கேட்டதல்ல. இயக்குநர் இருமினார். சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். அவராலும் முடியவில்லை போலும்.

"கூப்பிட்டாரும்மா. 'யாராவது வாங்க, கை வரலை'ன்னாரு. அது நீதிபதி வசனம். மறுபடி பேசிக் காட்ட ஆரம்பிச்சுட்டாருன்னு ரெண்டு பேரு சிரிச்சாங்க. அப்புறம் 'பாப்பா, பாப்பா'ன்னாரு. அது எழுத்துல இல்ல. வசனத்தை மெருகேத்தறாருன்னு நெனச்சு, ரொம்ப நல்லாருக்குங்கய்யான்னு நான் பாராட்டினேன்."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும் சார்" என்றாள் அவள். "அப்பா நடிக்கறது எது, நெஜம் எதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்மா. ஆஸ்பத்திரியில 'அப்பா ஏன் சத்தமே போடலை'ன்னு நீ கேட்டே பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. உனக்குத் தெரியவே வேணாம்னுதான் பார்த்தேன். நாங்க இத்தனை பேரு காதுல கேட்டும் விட்டுட்டோம். பழியை நான் எடுத்துக்கறதுல என்ன தப்பு?"

என் முதுகுக்குப் பின்னால் அம்மா வந்து நின்றார். ஹெட்போனில் நடப்பது அவருக்குக் கேட்கவில்லை.

"என்ன தம்பி, யாருன்னு தெரிஞ்சுதா?"

எந்தக் கேள்விக்கும் எடக்காக ஒரு பதில் வைத்திருப்பவன் நான். இந்தக் கேள்விக்கு நேரான பதில்கூடக் கிடைக்கவில்லை. "சிக்னல் கோளாறும்மா" என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்த அம்மா நம்பியிருப்பார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் காதில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். அவள் மவுஸை அழுத்தியிருக்க வேண்டும்.

"சொல்லு தம்பி" என்றார் அம்மா.

"அம்மா குரல் கேக்குது" என்றாள் அவள். "ஃபேன் ஓடறது கேக்குது. அண்ணா, அங்க ஸ்பீக்கர்ல போடுங்க."

ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன். அவள் குரல் அறைக்குள் வந்தது.

"அம்மா. நாந்தாம்மா. அப்பா பேசறது எனக்குக் கேக்காத மாதிரி நாந்தான் மூடி வெச்சிருக்கேன். இயக்குநர் சார் ஒண்ணும் பண்ணலை."

அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மகள் அழுகிறாள் என்பது புரிந்தது. "அழாதடி" என்றார், சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

ஐயாவின் இடது கை போர்வையைத் தட்டியது. ஒரு முறையல்ல, விடாமல் தட்டியது. கண்கள் மைக்கின் மேல் இருந்தன. நான் அதை வயரோடு தூக்கிக்கொண்டு போய் அவர் வாயருகே பிடித்தேன்.

"அப்பா பேசணுங்கறாரு" என்றேன்.

"கேக்குதுப்பா" என்றாள் அவள். "சொல்லுங்க."

அவர் பேச ஆரம்பித்தார். ஏற்றமும் இறக்கமும் நிறுத்தமும் எல்லாம் இருந்தன. வார்த்தை மட்டும் ஒன்றும் இல்லை. திட்டினாரா, தேற்றினாரா, அவள் வசனத்தைத் திருத்தினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிறுத்தி மூச்சு வாங்கினார், மறுபடி பேசினார். இயக்குநர் இருந்தார், வக்கீலம்மா இருந்தார், நானும் இருந்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை.